ஈரத்துக்குக் கழிவு

கோத்தகிரி பள்ளி மைதானத்தில்
ஒரே சிமெண்டுத் தரைமேல் மூன்று ஆட்டங்களுக்குக் கோடு.
வாலிபாலுக்கு வெள்ளை,
பூப்பந்துக்குப் பச்சை,
எங்களுக்கு மஞ்சள்.
ஆடி மாதத்தில் மூன்றும் ஒரே நிறம்.

கடைசிப் பகுதி, பன்னிரண்டு நொடி பாக்கி.
பள்ளத்திலிருந்து ஏறிவந்த மூடுபனி
முதலில் வளையத்தைத் தின்றது, பிறகு பலகையை.
கீழ்க்கோத்தகிரியின் ஒன்பதாம் எண் யாமினி
எங்கிருந்தோ எம்பினாள்.
பந்து போனது தெரியவில்லை,
வலை சொன்ன சத்தம் மட்டும் கேட்டது.
அவள் காலடியில் ஒரு கோடு பார்த்தேன்.
இரண்டு விரல் நீட்டினேன்.
டெய்சி டீச்சர் இரண்டு எழுதினார்.
நாற்பத்து மூன்று, நாற்பத்து இரண்டு.
விசில்.

எல்லோரும் கைகுலுக்கப் போனார்கள்.
நான் பந்தை எடுக்கக் குனிந்தேன்.
ஓரத்துச் சேறு ஒட்டிய ஷூ அச்சு ஒரு ஜோடி;
வலது குதிகாலில் ஒரு கட்டை காணோம்.
அது அவளுடைய ஷூ. ஆட்டம் முழுக்க
நொண்டிக்கொண்டே தடம் வைத்திருக்கிறது.
கட்டைவிரலுக்கு முன்னால், நான்கு விரற்கடை தள்ளி,
மஞ்சள்.
நான் பார்த்தது வெள்ளையாக இருந்திருக்கும்.

எங்கள் விதி எளிது.
ரெஃபரி கையெழுத்துப் போட்டால் ஆட்டம் கல்.
போடும்வரை களிமண்.
டெய்சி டீச்சர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

போஜன் சார் கத்தவில்லை. அதுதான் கஷ்டம்.
"அச்சு இருக்கு, சரி.
எம்பும்போது வெச்சதா, இறங்கும்போது வெச்சதா?"
நியாயமான கேள்வி.
கோட்டுக்கு உள்ளே இன்னொரு ஜோடி அச்சு
வழுக்கிக்கொண்டு போயிருந்தது.
எறிபவர்கள் முன்னால்தான் இறங்குவார்கள்.
பெரும்பாலும்.

யாமினியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
தன் கால்களையே யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போலப் பார்த்தாள்.
"தெரியல சார். நான் கூடையத்தான் பார்த்தேன்."
ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

இரண்டை அடித்தேன். பக்கத்தில் மூன்று.
ஓரத்தில் என் பெயரின் முதலெழுத்து,
கொஞ்சம் கோணலாக.
நாற்பத்து மூன்று, நாற்பத்து மூன்று.

சமன் என்று ஒரு முடிவு இந்த ஆட்டத்தில் கிடையாது.
இன்னும் ஐந்து நிமிடம் ஆடவேண்டும்.
ஆனால் வளையம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை,
கேட்டில் கீழ்க்கோத்தகிரி பஸ்
இரண்டாம் முறை ஹாரன் அடித்துவிட்டது.
ஜெயித்திருந்த பிள்ளைகள் அழுதார்கள்.
தோற்றிருந்தவர்கள் சிரிக்கத் தெரியாமல்
பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.
சனிக்கிழமை பார்க்கலாம் என்றேன்,
பஸ்ஸின் பின்விளக்கைப் பார்த்து.
ஸ்கோர் ஷீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்,
கையெழுத்தில்லாமல்.

திங்கட்கிழமை. தேயிலைக் கொள்முதல் கொட்டகை.
தராசுக்குப் பின்னால் அதே நான்,
கழுத்தில் விசில் இல்லை, காதில் பேனா.
யாமினியின் அம்மா நஞ்சியம்மாள்
மூட்டையை ஏற்றினாள்.
முள் முப்பத்தொன்றில் நின்றது.
என் வாய் இருபத்தெட்டு என்றது.
மழை பெய்தாலும் மூன்று, வெயில் அடித்தாலும் மூன்று,
ஈரத்துக்குக் கழிவு.
கம்பெனி வழக்கம். பதினோரு வருஷமாக
நான் அதை எண்ணிக்கூடச் சொல்வதில்லை,
தும்மல்போல வந்துவிடும்.

"பாப்பா சொல்லுச்சு.
எழுதினத அடிச்சுட்டு மாத்தி எழுதினீங்களாமே."

நன்றிபோலவும் இல்லை, புகார்போலவும் இல்லை.
மூட்டையின் வாயைப் பிரித்தாள்,
இலைமேல் உள்ளங்கையை அழுத்தி ஓட்டினாள்,
எனக்குக் காட்டினாள்.

காய்ந்த கை.
ரேகைகளில் பழைய கறை மட்டும்.

வரிசையில் பின்னால் பதினாறு மூட்டைகள்.
யாரோ இருமினார்கள்.
ரசீதில் இருபத்தெட்டு எழுதியிருந்தேன்.
கீழே கையெழுத்துக் கோடு
இன்னும் காலியாகத்தான் இருந்தது.